சிவப்பைக் குறைக்கச் சொன்னார்கள்

வார்சாவில், பிராகா கரை அச்சுக்கூடத்தில்
மை கலப்பது என் வேலை.
அறுபத்து மூன்றாம் வருடத்துப் பனிக்காலம்.
விஸ்துலா உறைந்து கிடந்தது,
மையும்தான்.
டப்பாவை வயிற்றோடு அணைத்து
இளக்கிய பிறகே கரண்டி இறங்கும்.

ஸாரெம்பா கோட்டுக்குள் செருகிக் கொண்டுவந்தார்
சுருட்டிய தாளை, ரொட்டியைப் போல.
பல் மருத்துவர் ஒருவரைப் பற்றிய சிரிப்புப் படமாம்.
படத்தை அவருக்கு யாரும் காட்டவில்லை.
கொடுத்தது அரைப் பக்கக் கதைச்சுருக்கம்,
அதிலும் கடைசி வரி கிழிந்திருந்தது.

விரித்தார்.
நடிகர் முகம் இல்லை, நாற்காலி இல்லை, குறடு இல்லை.
மஞ்சள் வெளியில் ஒரு குதிரை
வாயைப் பிளந்து நின்றது.
வாய்க்குள் அத்தனை சிவப்பு.
சிவப்பின் நடுவே குட்டியாய் ஒரு மனிதன், தொப்பியோடு,
வாசல் எங்கே என்று தேடுகிறவன் மாதிரி.

கோடு நேராக இல்லை.
முதுகில் புறப்பட்டு
கழுத்தருகே ஒரு துள்ளல் துள்ளி
ஒன்றும் நடக்காததுபோல் காதுக்குப் போனது.
"இதைச் செப்பனிடட்டுமா?" என்றார் மேஸ்திரி பெனெதிக்த்.
"என் அறைக்குக் கீழே டிராம் திரும்புகிறது,
காலை ஆறு இருபதுக்கு.
அந்தத் துள்ளல் அதனுடையது.
அதைக் கேளுங்கள்."

துத்தநாகத் தகட்டில் அதை நகலெடுக்க
லெயோகாதியா மூன்று முறை முயன்றாள்.
மூச்சடக்கி எடுத்த மூன்றும் செத்திருந்தன.
நாலாவது முறை இருமல் வந்துவிட்டது.
அதுதான் உயிரோடு இருந்தது.

வியாழக்கிழமை, தணிக்கை அலுவலகத்திலிருந்து
தாள் திரும்பியது, பென்சில் குறிப்போடு:
சிவப்பைக் குறைக்கவும்.
ஏன் என்று இல்லை.
கொடி நினைவுக்கு வந்ததோ, ரத்தம் வந்ததோ,
அதிகாரிக்கே பல்வலியோ.
கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

குறைத்தேன்.
ஒரு கரண்டி வெள்ளை. போதவில்லை. இன்னொன்று.
பிறகு, யாரும் சொல்லாமல், கடுகளவு நீலம்.
ஈறின் நிறம் வந்தது,
நாக்கின் அடிப்பக்கத்து நிறம்,
கதவிடுக்கில் மாட்டிய விரலின் நிறம்.
உருளை சுற்றி முதல் தாள் விழுந்ததும்
பெனெதிக்த் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.
அலுவலகம் முத்திரை குத்தி அனுப்பியது.
குறைத்திருக்கிறார்கள், நன்று.

கட்டி முடியாத வீடுகளைச் சுற்றிய பலகை வேலியில்
எட்டுத் தாள் வரிசையாக ஒட்டினார்கள்.
சாம்பல் தெரு, சாம்பல் கோட்டு, சாம்பல் பனிச்சகதி;
எட்டுக் குதிரைகள் வாய் திறந்தபடி.
இனாமாக வந்த குதிரையைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள் எங்கள் ஊரில்.
உருளைக்கிழங்குக்கு நின்ற வரிசை முழுதும் பார்த்தது.
ஒரு தபால்காரர் தன் வாயையும் திறந்தார்.
பின்னால் நின்றவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"இடப்பக்கம், மேலே. பிடுங்கத்தான் வேண்டும்."

படம் ஒரு வாரம் ஓடியது.
நானும் போனேன்.
அதில் குதிரையே இல்லை.

மார்ச் மழையில் பசை ஊறி
ஒரு குதிரையின் கண் மட்டும் உரிந்து விழுந்தது.
அடியிலிருந்து போன மாதத்து நாடகத்தின் பச்சை நிலா
அந்த ஓட்டையில் வந்து பொருந்தியது.
ஸாரெம்பா குடையில்லாமல் வெகுநேரம் நின்றார்.
பொறாமையோ என்னவோ,
போகும்போது வேலியை ஓர் உதை உதைத்தார்.

நேற்று மாலை, என் கட்டடத்து நான்காம் மாடியில்,
கண்ணாடி போன படிக்கட்டு ஜன்னலை
யாரோ அடைத்திருந்தார்கள்,
ஒட்டுவதற்கு முன்பே திருடிய ஒரு தாளால்.
வெயில் அதில் புகுந்து
படியெல்லாம் ஈறு நிறம்,
சுவரில் அந்தக் கோட்டின் நிழல்.

கீழே டிராம் திரும்பியது.
ஜன்னல் சட்டம் அதிர்ந்தது.
கழுத்தருகே
நிழல் துள்ளியதைப் பார்த்துக்கொண்டே
பாலைக் கொஞ்சம் சிந்திவிட்டேன்.